ஷெர்ரி காப்ளர்: ஐஸில் பிறந்து அலமாரியில் படுத்த பானம்

சிங்கப்பூரில் ஒரு ஹோட்டல் பார். பெயர் வேண்டாம். பின்சுவர் அலமாரியில், மஞ்சள் விளக்குக்கு நேர் கீழே, ஸ்பெயின் ஒயினான ஷெர்ரியில் இரண்டு வகைப் பாட்டில்கள் நின்றன. ஒன்று ஃபினோ. வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டியது, ஆறிப்போன வரட்டீ நிறத்துக்கு வந்திருந்தது. இன்னொன்று பெத்ரோ ஹிமெனெஸ், கருப்பட்டிப் பாகு மாதிரி கறுப்பாக. ஃபினோவில் ஒரு கிளாஸ் கேட்டேன். கட்டைவிரல் உயரக் கிளாஸில், சில்லென்று இல்லாமல் வந்தது. வெட்டி வைத்து மறந்துபோன ஆப்பிளின் வாசனை.

"இது எப்போ திறந்தது தம்பி?"

பார்டெண்டர் மன்னார்குடிப் பக்கத்துப் பையன். "நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே திறந்துதாண்ணே இருந்துச்சு" என்றான். அவன் சேர்ந்து எட்டு மாதம். "இதை யாரும் கேக்க மாட்டாங்கண்ணே. அந்தக் கறுப்பை மட்டும் எப்பவாச்சும் வயசான வெள்ளைக்கார அம்மாங்க கேப்பாங்க. லேடீஸ் டிரிங்க்."

அவன்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உலகம் முழுக்க ஷெர்ரிக்கு இருக்கும் பெயரைத்தான் அவன் சொன்னான். ஆனால் 1880களில் நியூயார்க்கில் ஹாரி ஜான்சன் என்ற பார்டெண்டர் தன் கையேட்டில் எழுதி வைத்ததோ வேறு: நாட்டிலேயே எல்லோரும் அதிகம் விரும்பிக் குடிப்பது ஷெர்ரி காப்ளர்தான், பெண்களும் சரி, ஆண்களும் சரி. ஷெர்ரியைச் சர்க்கரை, ஆரஞ்சு, சீவிய ஐஸோடு குலுக்கினால் காப்ளர். அவ்வளவு பேர் வாங்கிய பானம் எப்படி இங்கே வந்து நின்றது? இதைத்தான் இந்த ஆய்வில் பார்க்கப் போகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காப்ளரின் உயிர் ஷெர்ரியில் பாதி, ஐஸில் பாதி. ஐஸ் போனது, உயிரும் போனது.

பாட்டிலுக்குள் இருப்பது என்ன

ஷெர்ரி என்பது ஒரே பானம் இல்லை. முதல் குழப்பமே இங்கேதான். ஸ்பெயினின் தெற்கு ஓரத்தில், காதிஸ் மாகாணத்தில், ஹெரெஸ், சான்லூகார், எல் புவெர்தோ என்று மூன்று ஊர்கள். சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும் மண்ணில் பலோமினோ என்ற வெள்ளைத் திராட்சை விளைகிறது. அதை ஒயினாக்கி, சர்க்கரை முழுக்கப் புளித்து முடிந்த பிறகு, திராட்சையிலிருந்து வடித்த ஸ்பிரிட்டைச் சேர்த்து வலுவேற்றுகிறார்கள். 15 சதவீதம் அளவுக்கு ஏற்றினால் ஒயினின் மேல் ஈஸ்ட் ஓர் ஆடை கட்டும். அதற்கு ஃப்ளோர் என்று பெயர், பூ என்று பொருள். அந்த ஆடைக்கு அடியில் காற்றுப் படாமல் முதிர்வது ஃபினோ. அதையே சான்லூகார் கடற்கரையில் முதிரவிட்டால் மன்சானியா. 17 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் ஈஸ்ட் பிழைக்காது. காற்றோடு உறவாடி, நிறம் கறுத்து, அக்ரூட் வாசனையோடு ஒலோரோசோ ஆகும். ஆடைக்கடியில் தொடங்கி, ஆடை செத்தபின் காற்றில் முடிவது அமொந்தியாதோ.

இவை எதிலும் இனிப்பு இல்லை. ஃபினோவைப் போல வறண்ட ஒயின் உலகில் அபூர்வம்.

இனிப்பு வருவது வேறு வழியில். பெத்ரோ ஹிமெனெஸ் என்ற திராட்சையைப் பறித்து, பாயில் பரப்பி, ஒன்றிரண்டு வாரம் வெயிலில் காயவைக்கிறார்கள். நம் ஊரில் வடகம் காயப்போடுகிற அதே வேலை. சுருங்கி உலர்திராட்சையான பிறகு பிழிந்தால் சொட்டுவது சாறு இல்லை, பாகு. புளிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஸ்பிரிட் ஊற்றி நிறுத்திவிடுவதால் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். சட்டப்படி லிட்டருக்குக் குறைந்தது 212 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும். 400 கிராமைத் தாண்டுவது சாதாரணம். ஒலோரோசோவில் இந்த இனிப்பைக் கலந்தால் கிரீம் ஷெர்ரி. பாலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

முதிர வைக்கும் முறையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தயிருக்கு உறை ஊற்றுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு சொலேரா உடனே புரியும். பீப்பாய்களை அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். கடைசி அடுக்கிலிருந்து கொஞ்சம் எடுத்து பாட்டிலில் அடைப்பார்கள். எடுத்த அளவுக்கு அதற்கு முந்தைய அடுக்கிலிருந்து ஊற்றுவார்கள். அந்தக் குறையை இன்னும் இளைய அடுக்கு நிரப்பும். எந்தப் பீப்பாயும் முழுக்கக் காலியாவதில்லை. பழையது புதியதைப் பழக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஷெர்ரி பாட்டில்களில் பெரும்பாலும் அறுவடை ஆண்டு இருக்காது.

ஐஸ் வந்த கதை

காப்ளர் 1830களில் அமெரிக்காவில் தோன்றியது. யார் முதலில் செய்தார் என்று தெரியாது, தெரிந்தும் பெரிய பயனில்லை. செய்முறை அவ்வளவு எளிது. 1862இல் ஜெர்ரி தாமஸ் என்ற அமெரிக்க பார்டெண்டர் அச்சில் கொடுத்த கணக்கு இது: இரண்டு ஒயின் கிளாஸ் ஷெர்ரி, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மூன்று ஆரஞ்சு வில்லை. டம்ளர் நிறையச் சீவிய ஐஸ். நன்றாகக் குலுக்கி, மேலே அந்தந்தப் பருவத்துப் பழங்கள். அக்கால ஒயின் கிளாஸ் இரண்டு அவுன்ஸ், அதாவது சுமார் 60 மி.லி. ஆக 120 மி.லி. ஷெர்ரி.

இதில் புதுமை எது? ஷெர்ரி பழசு. 1587இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பிரான்சிஸ் டிரேக் காதிஸ் துறைமுகத்தைத் தாக்கி, கப்பல் கப்பலாக ஷெர்ரியை அள்ளிக்கொண்டு போவதற்கு முன்பே ஆங்கிலேயருக்கு அது பழகியிருந்தது. சர்க்கரையும் ஆரஞ்சும்கூடப் புதிதல்ல. புதிதாக வந்தது ஐஸ்.

பாஸ்டனைச் சேர்ந்த ஃப்ரெடரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு விற்கலாம் என்று 1806இல் இறங்கினார். ஊரே சிரித்தது. கடன்பட்டு சிறைக்கும் போனார். அப்புறம் பார்க்காரர்களுக்கு முதலில் ஐஸை இலவசமாகக் கொடுத்து, குளிர்ந்த பானத்துக்கு ஜனங்களைப் பழக்கிவிடும் தந்திரத்தைப் பிடித்தார். ஒருமுறை சில்லென்று குடித்தவன் திரும்ப வெதுவெதுப்பானதைக் கேட்கமாட்டான் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பவில்லை. 1833இல் அவருடைய கப்பல் நான்கு மாதம் கடலில் கிடந்து கல்கத்தாவுக்கு ஐஸ் கொண்டுவந்தது. 1842இல் மெட்ராஸ் கடற்கரையில் அந்த ஐஸைச் சேமிக்க ஒரு கட்டடம் எழுந்தது. 1897இல் விவேகானந்தர் வந்து தங்கியதால் இன்று அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். ஆனால் திருவல்லிக்கேணிக்காரர்கள் அந்தப் பக்கத்தை இன்னும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறார்கள். நியூயார்க்கில் காப்ளரைக் குளிர வைத்ததும், மெட்ராஸ் வெள்ளைக்காரத் துரைகளின் கிளாஸைக் குளிர வைத்ததும் ஒரே தொழில்தான்.

ஸ்ட்ராவும் இந்த வழியில்தான் பிரபலமானது. சீவிய ஐஸ் உதட்டில் மோதும், பல் கூசும். அதனால் காப்ளரை நாணல் போன்ற ஒரு குழலால் உறிஞ்சினார்கள். 1842இல் அமெரிக்கா போய்வந்த சார்ல்ஸ் டிக்கன்ஸ், அடுத்து எழுதிய நாவலில், இந்தப் பானத்தை முதன்முதலாக உறிஞ்சும் ஆங்கிலேயன் ஒருவனின் முகத்தில் தெரியும் பரவசத்தை எழுதியிருக்கிறார். காகித ஸ்ட்ராவுக்கு மார்வின் ஸ்டோன் 1888இல்தான் காப்புரிமை வாங்கினார்.

படுத்தது எப்படி

பல அடிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. 1894இல் ஃபிலோக்சரா என்ற பூச்சி ஹெரெஸ் திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்னத் தொடங்கியது. 1920இல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தது. 13 ஆண்டு கழித்து பார்கள் திறந்தபோது, ஐஸைச் சீவி, பழம் அடுக்கி, பொறுமையாகக் காப்ளர் செய்யும் கைகள் இல்லை.

பெரிய அடி பிரிட்டனில் விழுந்தது என்பது என் எண்ணம். அங்கே ஷெர்ரி சாகவில்லை, கொழித்தது. அதுதான் சிக்கல். பிரிஸ்டல் நகர வணிகர்களான ஹார்வீஸ் விற்ற கிரீம் ஷெர்ரி, வீட்டுக்கு வீடு வரவேற்பறை அலமாரியில் ஏறியது. கிறிஸ்துமஸுக்குத் திறந்த பாட்டில் அடுத்த கிறிஸ்துமஸ் வரை அங்கேயே நிற்கும். விருந்தாளி வந்தால் குட்டிக் கிளாஸில், ஐஸ் இல்லாமல், ஒரு வாய். இனிப்பாக இருந்ததால் கெட்டுப்போனதுகூடச் சட்டென்று தெரியவில்லை. போதாததற்கு, இறக்குமதி செய்த திராட்சைச் சாற்றுப் பாகில் இங்கிலாந்திலேயே தயாரித்த ஒன்று 'பிரிட்டிஷ் ஷெர்ரி' என்று மலிவாக விற்றது. ஐரோப்பாவில் ஷெர்ரி என்ற பெயர் ஸ்பெயினின் அந்த மூன்று ஊர்ப் பக்கத்துக்கு மட்டுமே என்று ஆனது 1996இல்தான்.

ஹெரெஸிலோ விலைப்போட்டி. ருயிஸ் மத்தேயோஸ் என்பவரின் ருமாசா நிறுவனம் ஒயின் கிடங்குகளை வரிசையாக வாங்கிக் குவித்து, மலிவு ஷெர்ரியைச் சந்தையில் கொட்டியது. ஏற்றுமதி 1979இல் உச்சத்தைத் தொட்டது. 1983 பிப்ரவரியில் ஸ்பெயின் அரசு ருமாசாவையே கையகப்படுத்தியது. அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. பிறகு வந்த ஆண்டுகளில் கொடிகளைப் பிடுங்க மானியம் கொடுத்தார்கள். திராட்சைத் தோட்டங்கள் மூன்றில் ஒரு பங்களவுக்குச் சுருங்கின.

என் சமையலறைச் சோதனை

இவ்வளவும் கதை. ஐஸ்தான் காரணம் என்று சொல்லிவிட்டால் போதுமா, செய்து பார்க்க வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பாட்டில்களோடு உட்கார்ந்தேன்: புதிதாகத் திறந்த ஃபினோ, ஓர் அமொந்தியாதோ, ஒரு கிரீம்.

அமொந்தியாதோவில் தொடங்கினேன். 90 மி.லி. ஷெர்ரி, 15 மி.லி. சர்க்கரைப் பாகு, தோலோடு இரண்டு ஆரஞ்சு வில்லை. தோல் முக்கியம், குலுக்கும்போது ஐஸ் அதை நசுக்கி எண்ணெயை வெளியே கொண்டுவரும். முதலில் ஐஸே இல்லாமல் கலக்கிக் குடித்தேன். இருமல் மருந்து. இரண்டாம் மடக்கு இறங்கவில்லை. அடுத்து அதே அளவுகளை ஷேக்கரில் ஐஸோடு பத்துப் பன்னிரண்டு விநாடி குலுக்கி, துணியில் சுற்றி சப்பாத்திக் கட்டையால் நொறுக்கிய ஐஸ்மேல் வடித்தேன். வேறு பானம். அக்ரூட், ஆரஞ்சுத் தோல், கடைசியில் லேசான உப்புச்சுவை, இனிப்பு பின்னால் நின்றது.

காரணம் மர்மம் இல்லை. குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். உருகிப்போன குல்ஃபியைக் குடித்துப் பாருங்கள், திகட்டும். அதே குல்ஃபி குச்சியில் இருக்கும்போது திகட்டவில்லை. ஐஸ் இன்னொரு வேலையும் செய்கிறது: உருகுகிறது. குலுக்குமுன்னும் பின்னும் எடை போட்டதில் சுமார் 45 கிராம் தண்ணீர் சேர்ந்திருந்தது. 17.5 சதவீத ஷெர்ரி, கிளாஸில் இறங்கும்போது பத்தரை சதவீதம்தான். சாதாரண ஒயினைவிடக் குறைவு. ஹாரி ஜான்சன் காலத்தில் மத்தியானமே இதைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்கள் என்றால் நம்பலாம்.

ஃபினோ காப்ளர் எனக்குப் பிடிக்கவில்லை. 15 மி.லி. பாகு அந்தப் புளித்த மாவு வாசனையை அமுக்கிவிட்டது. பாகை 7 மி.லி.யாகக் குறைத்தபோது பரவாயில்லை, ஆனால் வெறுமனே குடித்திருக்கலாமே என்று தோன்றியது. ஃபினோவுக்கான இடம் வேறு. சம அளவு ஃபினோவும் உலர் வெர்மூத்தும் (மூலிகை சேர்த்த, இனிப்புக் குறைந்த ஒயின்), ஆரஞ்சு பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு இரண்டு துளி, ஐஸோடு கிளறி வடித்தால் பாம்பூ. 1890களில் யோகோஹாமா கிராண்ட் ஹோட்டலில் இருந்த லூயி எப்பிங்கரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பானம். உலர் வெர்மூத்துக்குப் பதில் இனிப்பு வெர்மூத் ஊற்றினால் அடோனிஸ். 1884இல் நியூயார்க்கில் ஓடு ஓடென்று ஓடிய ஒரு நாடகத்தின் பெயர். பாம்பூவில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அந்த ஹோட்டலின் வரட்டீ ஃபினோவை ஊற்றினால் முதல் மடக்கிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

கிரீம் ஷெர்ரியில்தான் எனக்கு ஆச்சரியம். அலமாரிப் பாட்டி என்று நானும் ஒதுக்கி வைத்திருந்த ஆள். பாகை முழுக்க விட்டுவிட்டு, 10 மி.லி. எலுமிச்சைச் சாறு சேர்த்து, ஆரஞ்சு வில்லையோடு அதே குலுக்கல். நன்னாரி சர்பத் குடித்து வளர்ந்த நாக்குக்கு இது உடனே பிடிபடும். பலோமினோவில் புளிப்பு குறைவு. இனிப்புக்கு எதிர்நிற்க ஆள் இல்லாமல்தான் கிரீம் ஷெர்ரி வழவழவென்று ஆகிறது. எலுமிச்சை அந்த இடத்தில் போய் நின்றது.

ஐஸ் போடுவது ஷெர்ரிக்கு அவமரியாதை என்று சிலர் சொல்வதுண்டு. ஹெரெஸ் திருவிழாவில் ஜக் ஜக்காக ரெபுஹீத்தோ ஓடுகிறது. ஃபினோ அல்லது மன்சானியாவில் அதைப்போல இரண்டு பங்கு எலுமிச்சை சோடா, புதினா, நிறைய ஐஸ். ஊர்க்காரர்களுக்கு இல்லாத மரியாதை நமக்கு எதற்கு?

இனிப்பைப் பரிமாறுவது

பெத்ரோ ஹிமெனெஸைக் காப்ளரில் ஊற்ற வேண்டாம். கணக்குப் போடுங்கள்: 60 மி.லி.யில் 24 கிராம் சர்க்கரை, ஆறு டீஸ்பூன். அதைக் காக்டெய்லில் பாகுக்குப் பதிலாக ஒரு ஸ்பூன் பயன்படுத்தலாம். விஸ்கியோடு நன்றாகச் சேரும். தனியாகக் கொடுப்பதென்றால் 40, 50 மி.லி. போதும். ஆனால் குட்டிக் கிளாஸ் வேண்டாம். சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸில் அடியில் கொஞ்சமாக. உலர்திராட்சை, அத்தி, காப்பிக்கொட்டை, பேரீச்சை என்று மணம் எழும்ப மேலே இடம் வேண்டும்.

இங்கும் அதே பாடம்: குளிர். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்தால் 12 டிகிரி வாக்கில் வரும். அந்தக் குளிரில் பாகு கொஞ்சம் இறுகி, இனிப்பு அடங்கும். நீலப் பூசணம் பூத்த சீஸின் உப்போடு சேர்த்தால் இன்னும் நல்லது. எனக்குப் பிடித்தது எல்லாவற்றையும்விடச் சோம்பேறித்தனமானது: வெனிலா ஐஸ்கிரீம்மேல் ஒரு கரண்டி ஊற்றி விடுவது. ஸ்பெயினில் சாதாரணமாகச் செய்வதுதான். குலாப் ஜாமூனோடு கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். தயவுசெய்து வேண்டாம்.

போர்ட் ஒயினும் இனிப்புதான், ஆனால் அது வேறு குடும்பம். போர்ச்சுகலின் தோரு பள்ளத்தாக்கில், பாதி புளித்த சிவப்பு ஒயினில் 77 சதவீத ஸ்பிரிட்டை ஊற்றி நிறுத்துகிறார்கள். பீப்பாயில் முதிர்ந்த டானி வகையை லேசாகக் குளிரவைத்துக் கொடுத்தால் போதும். பல வருடம் பாட்டிலில் கிடந்த வின்டேஜ் போர்ட் என்றால் அடியில் வண்டல் தங்கியிருக்கும். முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, மெதுவாக வடித்து ஊற்ற வேண்டும்.

திறந்தபின் எத்தனை நாள் என்பது பார்க்காரர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம். ஃபினோ, மன்சானியா: ஃப்ரிட்ஜில், ஒரு வாரம். அதற்குத்தான் ஸ்பெயினில் அரைப் பாட்டில்கள் அவ்வளவு சகஜம். அமொந்தியாதோ இரண்டு மூன்று வாரம் தாங்கும். ஒலோரோசோ ஏற்கெனவே காற்றில் வளர்ந்தது, ஒன்றிரண்டு மாதம் கவலையில்லை. பெத்ரோ ஹிமெனெஸ் இன்னும் நிற்கும். சர்க்கரை காக்கும், ஊறுகாயை உப்பு காப்பதைப் போல.

நான்கு மாதம் கழித்து அதே ஹோட்டலுக்குப் போனேன். முதல் தடவையே அந்தத் தம்பியிடம் இதில் பாதியைச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவன் தலையாட்டிய விதத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அலமாரியில் ஃபினோ இல்லை. விளக்குக்குக் கீழே பெத்ரோ ஹிமெனெஸ் மட்டும் அசையாமல் நின்றது.

"ஃபினோவை எடுத்துட்டீங்களா?"

கீழே குனிந்து ஃப்ரிட்ஜைத் திறந்தான். அரைப் பாட்டில். கழுத்தில் ஒட்டிய வெள்ளை டேப்பில் பேனாவால் எழுதியிருந்தது: திறந்தது செவ்வாய். அன்று வியாழன்.

"கறுப்பை மட்டும் மேனேஜர் எடுக்க விட மாட்டேங்கிறாருண்ணே. விளக்குல நல்லா தெரியுதாம்."